சில்லே கலான் இரவுகளில்

காஷ்மீர் என்றதும் நம்மவர் நினைவில் எழுவன தால் ஏரியும் படகு வீடுகளும் குங்குமப்பூவும்தாம். குளிர்காலத்தில் அங்கு சென்றவர்க்கோ முதலில் நினைவுக்கு வருவது தம் பாதங்களே! அந்நாட்டார் குளிருக்கும் பெயர் சூட்டி வைத்துள்ளனர். டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கி 40 நாட்கள் 'சில்லே கலான்', அதாவது பெருங்குளிர். அடுத்து 20 நாட்கள் 'சில்லே குர்த்', சிறுகுளிர். இறுதியாக 10 நாட்கள் 'சில்லே பச்சா', குழந்தைக் குளிர். 2021 ஜனவரியில் ஸ்ரீநகரின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 8 டிகிரியையும் கடந்து இறங்கியது.

இத்தகைய ஒரு ஜனவரித் திங்களில், பழைய நகரில் ஜாமிஆ மஸ்ஜிதுக்கு அருகே நண்பர் ஒருவரின் இல்லத்தில் ஐந்து இரவுகள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. தலைக்குக் கம்பளித் தொப்பி, உடலுக்கு 'ஃபெரன்' எனும் நீண்ட அங்கி, மேலே இரு ரஜாய்கள். இத்தனையிருந்தும் பாதங்கள் மட்டும் பனிக்கட்டியாய்க் கிடந்தன. குளிர் மிகும்போது உடல் உள்ளுறுப்புகளைக் காக்கும் பொருட்டுக் கைகால்களின் இரத்த நாளங்களைச் சுருக்கிக்கொள்கிறது. பாதம் சூடேறி அந்நாளங்கள் விரிந்தால் உறக்கம் விரைந்து வருகிறது என்பதை 1999இல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகர ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். காஷ்மீரத்துப் பாட்டிமார் இதற்காக எந்த ஆய்வையும் எதிர்பார்த்திருக்கவில்லை.

அவர்களின் கருவி காங்கிரி. மண்சட்டியைச் சுற்றி மெல்லிய மரக்குச்சிகளால் கூடை பின்னி, கைப்பிடி அமைத்திருப்பர். இலையுதிர்காலத்தில் சினார் இலைகளைக் கூட்டி எரித்து, நீர் தெளித்துக் கரியாக்கிச் சேமிக்கின்றனர். அக்கரியின்மேல் தணலிட்டுச் சாம்பலால் மூடிவிட்டால் பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். பகலெல்லாம் அது ஃபெரனுக்குள் இருக்கும். ஆண்டாண்டாய் அச்சூடு படும் வயிற்றுத் தோலிலும் தொடைத் தோலிலும் புற்றுநோய் தோன்றுவதுண்டு. மருத்துவ நூல்களில் அதற்குக் காங்கிரிப் புற்று என்றே பெயர்.

இரவில் சிலர் அதனைப் படுக்கைக்குள்ளும் கொண்டுசெல்கின்றனர். நண்பரின் தாயார் இதற்கு ஒருபோதும் இணங்கமாட்டார். இஷாவுக்குப்பின் காங்கிரியை ரஜாயின் கால்மாட்டில் சிறிது நேரம், தாம் அருகிலேயே அமர்ந்து, வைத்திருப்பார். விரிப்புச் சூடானதும் எடுத்து வெளியே வைத்துவிடுவார். "மௌலவி சாஹிப், ஹதீஸை நீங்கள்தாமே எங்களுக்குச் சொல்ல வேண்டும்!" என்று சிரித்தார். உறங்கும் வேளையில் வீட்டில் நெருப்பை விட்டுவைக்கலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. தீப்பற்றும் அச்சம் மட்டுமன்று. அடைத்த அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு பரவும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவர் விழிக்காமலே போய்விடக்கூடும். நம் உதகையிலும் கொடைக்கானலிலும் விடுதி அறைக்குள் கரியடுப்பை எடுத்துச் செல்வோர் இதனை மறத்தல் ஆகாது.

நெருப்பின்றியே செய்யத்தக்கவை பல. செங்கல்லை அடுப்பருகே சூடாக்கித் தடித்த துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைக்கலாம். கல்லுப்பை வாணலியில் வறுத்துக் கெட்டித் துணியில் முடிந்துகொள்ளலாம்; நம் வீட்டு ஒத்தடமேதான் இது. ரப்பர் வெந்நீர்ப் பையாயின் கொதிநீர் ஊற்றலாகாது. முக்கால் பங்கு நிரப்பிக் காற்றை வெளியேற்றித் துணியுறை இட வேண்டும். படுக்குமுன் இளஞ்சூட்டு நீரில் உளூச் செய்து, விரலிடுக்குகளில் ஈரமறத் துடைத்து, உலர்ந்த கம்பளிக் காலுறை அணிவது எனக்கு எல்லாவற்றிலும் நன்றாய்ப் பலித்தது. பகலில் அணிந்த காலுறையில் வியர்வை ஈரம் தங்கியிருக்கும். அதனோடு படுத்தால் குளிர் கூடுமேயன்றிக் குறையாது.

பஜ்ருக்கு மஸ்ஜிதில் நுழைந்தால் ஹம்மாம் காத்திருக்கும். கற்பலகைத் தளத்தின் அடியில் விறகெரித்துச் சூடேற்றிய அறை அது. உளூவுக்கு வெந்நீரும் அங்கேயே கிடைக்கும். தொழுதபின் முதியோர் அத்தளத்தில் கால்நீட்டி அமர்ந்து ஊர்க்கதை பேசுவர். உளூவுடன் அணிந்த தோல் காலுறையின்மேல் மஸஹு செய்ய ஊரிலிருப்போர்க்கு ஒரு நாளும், பிரயாணிக்கு மூன்று நாட்களும் உள்ள சலுகையை நாம் கிதாபில் ஓதுவதோடு சரி. அதன் அருமையை எனக்கு உணர்த்தியது அந்த ஜனவரிதான்.

நீரிழிவு உள்ளவர்க்கு ஒரு வார்த்தை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பின் சுடுவதே தெரியாது. கொப்புளம் கண்டபின்தான் தெரியவரும். அவர்கள் செங்கல்லையும் வெந்நீர்ப் பையையும் படுக்கையைச் சூடாக்க மட்டும் பயன்படுத்தி, கால் நீட்டுமுன் எடுத்துவிட வேண்டும். காலுறை ஒன்றே அவர்களுக்குப் போதும்.

காங்கிரிக்குப் பெயர்பெற்ற ஊர் சரார்-ஏ-ஷரீஃப். அங்கிருந்து ஒன்று வாங்கி வந்தேன். வெள்ளியிரவுதோறும் எங்கள் வீட்டில் அதில்தான் சாம்பிராணி போடுகின்றனர்.