போடி வண்டியும் எட்டாம் வகுப்பும்

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயிலில் 90 கிலோமீட்டர். மலையில் விளையும் ஏலக்காயையும் காப்பியையும் சுமப்பதற்காக 1928-இல் போட்ட பாதை. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐம்பதுகளில்தான் திரும்பப் போட்டார்கள். தேனி அல்லிநகரத்துப் பிள்ளைகளான எங்களுக்கு, ஆறாவது முதல் எட்டாவது வரையிலான மூன்று வருஷமும் இந்தப் பாதையை ஒட்டியே போயிற்று. இப்போது அகலப்பாதையில் போகும்போது ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு வகுப்பு நினைவுக்கு வருகிறது.

மதுரையைத் தாண்டி நாகமலை ஒதுங்கியதும் செக்கானூரணி. இங்கிருந்து உசிலம்பட்டி வரை பாதையின் இரு பக்கமும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உள்ள ஊர்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர்க் கள்ளர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று ஆங்கிலேய அரசின் போலீஸ் சுட்டது. அதற்குப் பிறகு அதே அரசு இந்தப் பக்கம் பள்ளிக்கூடம் திறந்தது. ‘சீரமைப்பு’ என்ற பெயரில் உள்ள திமிர் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனாலும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் பல குடும்பங்களின் முதல் படிப்பாளி அந்தப் பள்ளிகளிலிருந்துதான் வந்தார்.

உசிலம்பட்டிக்கு அப்புறம் கணவாய். பாறையை வெட்டிப் போன பாதையில் கரி இன்ஜின் மூச்சு வாங்கும். ஏழாம் வகுப்புச் சுற்றுலாவுக்கு எங்களை மதுரைக்குக் கூட்டிப்போனபோது, தலையை வெளியே நீட்டாதே என்று சார் சொன்னதை யாரும் கேட்கவில்லை. கண்ணில் கரித்தூள் விழுந்து, திருமலை நாயக்கர் மகாலின் தூண்களை ஒற்றைக் கண்ணால் பார்த்தவர்கள் உண்டு.

ஆண்டிபட்டி என்றால் எங்கள் வகுப்புக்கு 1984. 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு முதலில் சின்னப் பிள்ளைகளுக்குத்தான். ஆறாம் வகுப்புக்கு வந்ததும் தட்டு நின்றுபோயிற்று. மத்தியானம் வீட்டுக்கு ஓடினால் உண்டு, அங்கேயும் இல்லையென்றால் இல்லை. 1984 செப்டம்பரில் அதைப் பத்திலிருந்து பதினைந்து வயது வரைக்கும் நீட்டினார்கள். நாங்கள் அப்போது ஏழாவது. பெஞ்சில் காலியாக இருந்த இடங்கள் ஒன்றிரண்டு நிரம்பின. அலுமினியத் தட்டை இரவல் வாங்கி வந்த ஒருவன், தட்டின் அடியில் இருந்த இன்னொருவர் பெயரை ஆணியால் சுரண்டிக்கொண்டே இருந்தான். மறு மாதமே எம்.ஜி.ஆர். நோயில் விழுந்தார். அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்தபடியே டிசம்பரில் ஆண்டிபட்டியில் ஜெயித்தார். வெளியூர்க்காரர்கள் அதை அதிசயம் என்றார்கள். தட்டு நிரம்பியதைப் பார்த்த எங்களுக்கு அதில் அதிசயம் எதுவும் தெரியவில்லை.

அடுத்தது தேனி. ஸ்டேஷன் பலகையில் தேனி மட்டும்தான். அல்லிநகரத்தின் பெயர் நகராட்சிப் பலகையில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாரதிராஜா பிறந்த ஊர் என்று சொன்னால்தான் வெளியூரில் அடையாளம் தெரிகிறது. பள்ளிக்கு நேரமாகிவிட்டால் எங்களுக்குக் கைவசம் ஒரே சாக்கு.

“ஏன்டா லேட்டு?”

“கேட்டு அடச்சிட்டாங்க, சார்.”

“வண்டியே இன்னும் வரலயேடா!”

கணக்கு சாருக்கு ரயில் அட்டவணை மனப்பாடம். பிளாட்பாரத்தை ரயில் கடக்க எத்தனை விநாடி என்ற கணக்கைக்கூடப் போடி வண்டியை வைத்துத்தான் போடுவார். அந்த வண்டியின் வேகத்துக்கு விடை எப்போதும் பெரிதாகவே வரும்.

தேனிக்கும் போடிக்கும் இடையில் 15 கிலோமீட்டர்தான். அங்கே பாதை முடிகிறது, மலை தொடங்குகிறது. எங்களில் சிலருக்கு எட்டாவதோடு படிப்பு முடிந்ததும் இந்த மலையடிவாரத்தில்தான். ஏலக்காய் எஸ்டேட்டுக்கு விடியற்காலையில் ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்துவிட்டால், ஒன்பதாம் வகுப்பில் பெயர் கூப்பிட ஆள் இருக்காது. அவர்களைப் படிப்பு ஏறாதவர்கள் என்று சொன்ன வாத்தியார்களும் இருந்தார்கள். அது பொய். எங்கள் வகுப்பில் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் சொன்னவள் அந்த ஜீப்பில்தான் போனாள்.

2010 கடைசியில் அகலப்பாதைக்காக ரயிலை நிறுத்தினார்கள். தேனிக்குத் திரும்ப வந்தது 2022 மே மாதம்; போடிக்கு 2023 ஜூன் 15. இடையில் போடியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பன்னிரண்டாவது வரை ரயில் சத்தமே கேட்காமல் படித்து முடித்திருக்கும். சென்னைக்கு வாரம் மூன்று நாள் வண்டி விட்டது நல்ல காரியம். ஆனால் 2023-இல் போட்ட அட்டவணைப்படி, பயணிகள் ரயில் காலையில் மதுரையிலிருந்து புறப்பட்டுப் போடிக்கு வருகிறது, மாலையில்தான் திரும்புகிறது. காலையில் மதுரைக் கல்லூரிக்குப் போக வேண்டிய போடி, தேனி, ஆண்டிபட்டிப் பிள்ளைகளுக்கு அது எதிர்த் திசை வண்டி. விடியற்காலையில் போடியிலிருந்து ஒரு பயணிகள் ரயிலைத் தெற்கு ரயில்வே விட வேண்டும்.