கால் மில்லிமீட்டர்

பினாங்கில் பழைய மோட்டார் பைத்தியங்களோடு பழக ஒரு சொல் தெரிந்தால் போதும்: ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி இல்லை. 'ஒரிஜினல்' என்பதை மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் சேர்ந்து சுருக்கிய ஓரி. "ஓரியா?" என்று நாம் கேட்போம். "ஓரி" என்று கடைக்காரர் சொல்வார். அந்த நொடியில் விலை மூன்று மடங்காகிவிடும். அந்த ஓரி அள்ளிக் கொடுத்தவன். இந்த ஓரி நம் பையிலிருந்து அள்ளிக்கொள்பவன்.

இரண்டு வருடம் இந்த ஓரிக்குப் பின்னால் அலைந்தேன். வண்டி அத்தாவுடையது. ஹொண்டா சி 70. ஆறு வோல்ட் பேட்டரி, நீல உடம்பு, வெள்ளை லெக் ஷீல்டு. எழுபதுகளில் வந்த வண்டியை 1984இல் செகண்ட் ஹேண்டாக வாங்கி, இருபத்தைந்து வருடம் அதில் ரொட்டி விற்றார். பின்னால் பற்றவைத்த இரும்புக் கேரியர், அதன்மேல் தகரப்பெட்டி, பெட்டியைச் சுற்றித் தொங்கும் பிஸ்கட், முறுக்குப் பாக்கெட்டுகள். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு மேலும் சொல்லத் தேவையில்லை. ரொட்டி பாய் வருவதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் கேட்டிருப்போம். ரப்பர் குமிழை அமுக்கினால் 'பாம் பாம்' என்று கத்தும் ஹாரன்.

அத்தா விற்றதில் பாதி ரொட்டி பெங்காளி. பெயரில்தான் வங்காளம், சுட்டதும் விற்றதும் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள். வேலைக்காரர்களே பங்குதாரர்களாக இருந்த பேக்கரியில் சுட்ட ரொட்டி என்பதால் 'பங்காளி ரொட்டி', அதுவே மருவிப் பெங்காளி ஆனது என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். அத்தா அந்தக் கதையை முழுசாக நம்புகிறவர். "பங்காளின்னு பேரு இருக்கு. பங்குதான் நமக்கு வரல" என்பார்.

இந்த வண்டிக்கும் பினாங்குக்கும் உள்ள உறவு கொஞ்சம் நெருக்கமானது. ஹொண்டா நிறுவனம் சூப்பர் கப்பின் முதல் மாதிரியை 1958 ஆகஸ்டில் விற்பனைக்கு விட்டது. அதே வருடம் ஜப்பான் போன லோ பூன் சியூ என்ற பினாங்குக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இங்கே விற்கும் உரிமையை வாங்கி வந்தார். ஃபூஜியானிலிருந்து பன்னிரண்டு வயதில் வந்து, பேருந்து கழுவி, மெக்கானிக்காகி, முதலாளியானவர். அவர் இறக்குமதி செய்த வண்டிக்கு ஊர் வைத்த பெயர் கப்சாய். ஆங்கிலத்தில் கப் என்றாலே குட்டி. கன்டனீஸில் 'சாய்' என்றாலும் குட்டி. குட்டிக்குட்டி. இன்று எந்தக் கம்பெனியின் சின்ன மோட்டாரும் இங்கே கப்சாய்தான். 2017இல் உலகம் முழுவதும் செய்த சூப்பர் கப் வண்டிகளின் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தாண்டியது.

அந்தப் பத்துக் கோடியும் ஒரு பழைய நிபந்தனையிலிருந்து பிறந்தவை. சொய்ச்சிரோ ஹொண்டா எஞ்சினைப் பார்த்துக்கொள்ள, வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டவர் தக்கேயோ ஃபுஜிசாவா. சோபா நூடுல்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் கடைப் பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டும்படி வண்டி இருக்க வேண்டும் என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். அதனால்தான் கப்பில் கிளட்ச் பிடி கிடையாது. கிளட்ச் எஞ்சினுக்குள்ளேயே வேகத்துக்கு ஏற்பத் தானாகப் பிடிக்கும், தானாக விடும். கியரைக் காலால் மிதித்தால் போதும். முறுக்குவதற்கும் முன் பிரேக்குக்கும் வலது கை. இடது கைக்கு வேலையே இல்லை.

தோக்கியோவில் நூடுல்ஸ் தட்டுக்காக விடுதலையான அந்த இடது கையால்தான் அத்தா இருபத்தைந்து வருடம் ஹாரனை அமுக்கினார்.

இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. வண்டியைக் கீழே இறக்கிப் பிரித்தபோது எனக்கு ஓரி மட்டும்தான் தெரியும். ஞாயிறு காலைகளில் லோரோங் கூலிட் சந்தைக்குப் போவேன். ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் தார்ப்பாய் விரித்து, பழைய கடிகாரம், ஒற்றைச் செருப்பு, நாணயம், ரேடியோ என்று எல்லாம் விற்பார்கள். அங்கே குந்தி உட்கார்ந்து துருப்பிடித்த குவியலைக் கிளறக் கற்றுக்கொண்டேன். பின்விளக்குக் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தால் 'ஸ்டான்லி' என்ற எழுத்து வார்ப்பிலேயே இருக்க வேண்டும். கார்புரேட்டர் உடம்பில் 'கெய்ஹின்' இருக்க வேண்டும். எழுத்து இல்லாவிட்டால் அது எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த தாய்லாந்துச் சாமான். அப்படிச் சொன்னால் அது மட்டம் என்று அர்த்தமில்லை. சி 70க்கு வேண்டிய எல்லாவற்றையும் தாய்லாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். பொருந்தும், ஓடும், மலிவு. ஆனால் ஓரி இல்லை.

ஸ்டான்லி கண்ணாடி 40 ரிங்கிட்டுக்குக் கிடைத்த அன்று நான் சாப்பிடவே இல்லை. அவ்வளவு சந்தோஷம். அத்தாவிடம் காட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "செவப்பா இருக்கு" என்றார்.

சந்தையில் பழக்கமான ஒரு சேகரிப்பாளர் வண்டியைப் பார்க்க எங்கள் ரைஃபிள் ரேஞ்ச் பிளாட்டுக்கே வந்தார். சுற்றி வந்தார், தட்டினார், படுத்துப் பார்த்தார். எல்லாம் சரி, அந்தக் கேரியரை அறுத்து எடுத்துவிடு, பற்றவைத்த தழும்பைத் தேய்த்து மறைத்துவிடு, நானே 5000 ரிங்கிட்டுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்று வண்டி எப்படி இருந்ததோ அதுதான் ஓரி. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அழுக்கு. அவர் கணக்கு அப்படி.

சட்டத்துக்கு வேறொரு ஓரி இருக்கிறது. கெரானில் எழுதியிருக்கும் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் குத்தியிருக்கும் எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும்.  எங்கள் வண்டியின் எஞ்சின் கூட்டில் பழைய அடியால் விழுந்த ஒரு விரிசல் இருந்தது. சந்தையில் நல்ல கூடு கிடைத்தும் வாங்க முடியாது, எண் வேறு. ஆகவே விரிசலைப் பற்றவைத்து அதையே வைத்துக்கொண்டோம். சட்டம் காப்பாற்றிய ஒரே பழைய பொருள் அதுதான்.

மூன்றாவது ஓரியை எனக்குக் காட்டியவர் எஞ்சினைப் பிரித்த சீன அங்கிள். எழுபது வயது. பிஸ்டன் தலையில் படிந்த கரியைச் சுரண்டினார். அடியில் 0.75 என்ற எண் தெரிந்தது. ஒரு எஞ்சின் ஓட ஓட, பிஸ்டன் உரசி உரசி சிலிண்டர் உள்சுவர் தேயும். அப்போது சிலிண்டரைக் கால் மில்லிமீட்டர் அகலமாகக் கடைந்து, அதே அளவு பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். 0.25, 0.50, 0.75, 1.00 என்று நான்கு படி. அதற்கு மேல் சுவர் தாங்காது. எங்கள் சிலிண்டர் மூன்று படி ஏறியிருந்தது. அதாவது மூன்று முறை வண்டி வேலை செய்தே தேய்ந்து, மூன்று முறை எழுந்திருக்கிறது.

சிலிண்டர் கெட்டுப்போயிற்றா என்று கேட்டேன். அங்கிள் விரலை உள்ளே விட்டுத் தடவிக்கொண்டே சொன்னார்: "இனி புக்கான் ரோசாக். இனி கெர்ஜா." இது கோளாறு இல்லை, இது வேலை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். புதிதில் சிலிண்டரின் உள்விட்டம் 47 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 41.4. அது 72 சிசி. முக்கால் மில்லிமீட்டர் சேர்ந்தால் 74 சிசி. உழைத்து உழைத்து வண்டி இரண்டு சிசி பெரிதாகியிருக்கிறது. கெரானில் இன்னும் 72 என்றுதான் இருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வெறி வந்தது. எதையும் மாற்றக் கூடாது. பெயின்ட் உரிந்த இடம், ரொட்டிப்பெட்டி உரசிய தடம், அத்தாவின் குதிகால் தேய்த்த கியர் மிதி, எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அதுதான் நிஜமான ஓரி. துருவின்மேல் நிறமில்லாத வார்னிஷ் அடித்து அப்படியே நிறுத்திவிடலாம். இணையத்தில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், பார்க்கவும் அழகு. அத்தாவிடம் சொன்னேன்.

"கிறுக்கா ஒனக்கு?" என்றார்.

"ஞாபகம் அத்தா. எல்லாம் நீங்க ஓட்டுன ஞாபகம்."

"நீ பாக்குறப்ப ஞாபகம். எனக்கு அது துரு. மழயில நனஞ்சுட்டு வந்து தொடைக்க நேரமில்லாம படுத்தேன் பாரு, அந்தத் துரு." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் வாங்கும்போதே இது பழசு தம்பி. பளபளன்னு ஒருநா பாத்ததில்ல. ஒருநா பாக்கணும்."

எனக்குப் பதில் வரவில்லை. வண்டியின் மூன்று ஓரிகளில் எதிலுமே அவர் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. சேகரிப்பாளரின் ஓரி அவர் வாங்குவதற்கு முன்னால் முடிந்துவிடுகிறது. சட்டத்தின் ஓரி ஒரு எண். என்னுடைய ஓரியில் அவருடைய களைப்பு எனக்கு அழகாக இருந்தது.

இந்த ஊரே இப்படி ஒரு சிக்கலில்தான் இருக்கிறது. 1948க்கு முன் கட்டிய கடைவீடுகளில் மலிவு வாடகைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் ரத்தாகி, 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாடகை சந்தை விலைக்குப் போனது. சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரே அறையில் இருந்த எங்கள் குடும்பம் பிளாட்டுக்கு வந்தது அப்போதுதான். 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்று அந்தத் தெருக்களில் காரை உதிர்ந்த சுவரை அப்படியே விட்டு, மஞ்சள் விளக்குப் போட்டுக் காப்பி விற்கிறார்கள். அந்தச் சுவர் உதிர்ந்தபோது கீழே படுத்திருந்தவர்கள் அதைப் பூசச் சொல்லித்தான் வீட்டுக்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

அஹ் குவீ தெருவில் ஒரு பழைய மோட்டார் சுவரோடு நிற்கிறது. வண்டி நிஜம், மேலே உட்கார்ந்திருக்கும் பையன் ஓவியம். 2012இல் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்தது. படம் எடுக்க வரிசையில் நிற்பார்கள். ஒருமுறை உறவினர்களோடு அத்தாவும் வந்தார். எல்லாரும் ஓவியத்தைப் பார்க்க, அவர் குனிந்து வண்டியைப் பார்த்தார். "செயினு இறுகிப்போச்சு" என்றார். நல்ல ஓவியம்தான். எனக்கும் பிடிக்கும். ஆனாலும் அத்தாவின் வண்டியை அப்படி ஒரு சுவரில் நான் ஒட்டப் பார்த்தேன் என்பதும் உண்மை.

அதற்குப் பிறகு முடிவுகள் வேகமாக நடந்தன, எல்லாம் அத்தாவுடையவை. புது நீலப் பெயின்ட். லெக் ஷீல்டு, கைப்பிடி ரப்பர், சீட் உறை மூன்றும் தாய்லாந்து. ஸ்டான்லி கண்ணாடி இருக்கட்டும், வாங்கியாச்சு. கேரியரை அறுக்கிற பேச்சே வேண்டாம்: "கேரியர் இல்லாம வண்டி எதுக்கு? ஊர்கோலம் போகவா?" முதலில் எனக்கு இது முரணாகப் பட்டது. பெயின்ட் மட்டும் புதுசு, கேரியர் பழசா? யோசித்தால் அவர் வைத்த அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். வேலைக்கு ஆகுமா, ஆகாதா? சோபாக் கடைப் பையனுக்காக வடித்த வண்டியில் சாமான் ஏற்றும் இடம்தான் மற்ற எதையும்விடத் தொழிற்சாலைக்கு நெருக்கமானது. பற்றவைத்தவர் பினாங்குக்காரர் என்பது ஒரு சின்ன விவரம்.

சிலிண்டர் மட்டும் பாக்கி. பாகானில் ஒரு பழைய ஸ்பேர் பார்ட் கடையில், பெட்டி கிழியாத ஓரி சிலிண்டர் இருந்தது. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, 47 மில்லிமீட்டர், ஒரு கீறல் இல்லாமல். 450 ரிங்கிட். இரண்டு வருடம் தேடியது கையில் இருந்தது. அத்தாவுக்குப் போன் போட்டேன்.

"பழசுல இன்னொருக்கா கடையலாம்ல?"

"கடையலாம். கடைசித் தடவ அது."

"அப்ப எதுக்கு வாங்குற?"

காகிதத்தைத் திரும்பச் சுற்றிக் கொடுத்துவிட்டு ஃபெர்ரி ஏறினேன். அங்கிள் நான்காவது படிக்குக் கடைந்தார். பிஸ்டன் தலையில் இப்போது 1.00. வண்டி கிட்டத்தட்ட 75 சிசி.

ஹாரன் குமிழ் ரப்பர் வெடித்துப்போயிருந்தது. அது ஹொண்டா பாகமே இல்லை, எந்தப் பட்டியலிலும் வராது. அதற்குத்தான் அதிகம் அலைந்தேன். கிடைத்தது புதுசு, சத்தம் கொஞ்சம் கீச்சென்று இருக்கிறது. அம்மா முதல் நாள் கேட்டுவிட்டு, "இது வேற ஆளு" என்றார். இப்போது பழகிவிட்டது.

வண்டி ரொட்டி ஏற்றுவதில்லை. மார்க்கெட் பை, அரிசி மூட்டை, சில நாள் கேஸ் சிலிண்டர். காலையில் அத்தா துணியால் துடைக்கிறார். முட்டி வலியால் ஓட்டுவது குறைவு. பிளாட்டைச் சுற்றி ஒரு வட்டம். அடுத்த தடவை எஞ்சின் தேய்ந்தால் ஏறுவதற்குப் படி இல்லை என்று அவரிடம் விளக்கிச் சொன்னேன். எத்தனை வருடம் ஓடும் என்று கேட்டார். இப்படி மெதுவாக ஓட்டினால் பத்துப் பதினைந்து வருடம் என்றேன்.

கொஞ்சம் கணக்குப் போட்டார். "அப்ப அது ஒன் வேல" என்றார்.