ஒரு புள்ளியின் பயன்

கணிப்பொறியோடு பழகுவோர் இரு திறத்தினர். கட்டளையை எழுத்தெழுத்தாய்த் தட்டி ஏவுவோர் ஒரு சாரார். படங்களைச் சுட்டித் திறப்போர் மற்றொரு சாரார். முன்னவர் பின்னவரைக் குழந்தைகளென்றும், பின்னவர் முன்னவரை மந்திரவாதிகளென்றும் எண்ணுதல் வழக்கம். யான் முன்னவரைச் சேர்ந்தவன். 1969-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆராய்ச்சிக்கூடத்திலே கென் தாம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோர் தொடங்கிய யூனிக்ஸ் மரபில் வந்த கட்டளைத்திரையே எனக்கு இனியது. ஆயினும் அதற்கொரு குறையுண்டு. அது பெயரைக் காட்டுமேயன்றி முகத்தைக் காட்டாது.

சென்ற ஆண்டு என் தந்தையார் காலமாயினார். அவர் விட்டுச்சென்ற நிழற்படங்கள் ஏறக்குறைய 4,000. யாவும் புகைப்படக் கருவி தானே இட்ட எண்களையே பெயராகவுடையன. கிணற்றடியில் வேட்டியை மடித்துக் கட்டி அவர் நகைத்து நிற்கும் படமொன்றை அன்னையார் வேண்டினார். அதன் எண் யாதென்று அவரை வினவலாகுமோ?

படங்களை ஆண்டுவாரியாகப் பிரிப்பது கட்டளைக்கு எளிய வேலை. அது விரைவில் முடிந்தது. அன்னையார் குறித்த ஆண்டிற்குரிய கோப்புறையில் 300 படங்கள் வரை இருந்தன. அதனுட் சென்று ‘ஓபன்’ என்றெழுதி, ஓர் இடம் விட்டு, ஒரு புள்ளி வைத்தேன். நண்பர்காள், யூனிக்ஸ் மரபிலே தனிப்புள்ளியென்பது ‘யான் இப்போது நிற்கும் இடம்’ எனப் பொருள்படும். இரு புள்ளியாயின் அதற்கு மேலுள்ள இடம். இடைவெளியை விட்டுவிட்டால் கணிப்பொறி அப்படியொரு கட்டளையே இல்லையென்று கையை விரித்துவிடும். என்னுடையது மாக்கின்டாஷ், ஆதலின் ஃபைண்டர் என்னும் சாளரம் அக்கணமே மலர்ந்தது. லினக்ஸ் உடையார் ‘எக்ஸ்டிஜி-ஓபன்’ என்று எழுதிப் புள்ளி வைத்தல் வேண்டும். அது தானே திறவாது, அவரவர் அமர்த்திய நாட்டிலஸையோ டால்பினையோ அழைத்துப் பணியை ஒப்புவிக்கும். விண்டோசினுள் லினக்ஸை வைத்திருப்போர்க்கு அங்குள்ள எக்ஸ்ப்ளோரரையே புள்ளியோடு ஏவலாம். தொலைவிலுள்ள திரையற்ற பொறியினுள் எழுத்துவழியே புகுந்தோர்க்கு மட்டும் இவ்வித்தை பலியாது. சாளரம் திறக்கத் திரை வேண்டுமன்றோ!

அன்னையாரை அருகிருத்தி ஒவ்வொன்றாய்க் காட்டினேன். “இதுவன்று, இதற்கடுத்தது” என்று அவர் விரல் வைத்தார். அப்படத்தைப் பற்றியிழுத்துக் கட்டளைத்திரையில் விட்டேன். நெடிய முகவரி முழுதும் தானே எழுதப்பட்டது. படியெடுத்து அச்சிடுவோர்க்கு அனுப்பினேன். அன்னையார் எழுந்திலர், மற்றவற்றையும் காட்டென்றார்.