திரும்பி வந்த தண்ணீர் பாட்டில்

காவேரிப்பட்டினத்திலிருந்து பெங்களூருக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். 2015-ல் என் தங்கை தினமும் போய் வந்தாள். அம்மா போனபின் என் வீட்டில்தான் இருந்தாள். "வயசுப் பெண்ணை ஹாஸ்டலில் விடுவதா?" என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான்தான்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிருஷ்ணகிரி பஸ். அங்கே மாறி, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி, நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர எட்டரை. வீடு திரும்ப இரவு பத்து.

சினிமா வேலை என்றதும் அக்கம்பக்கத்தார், "எந்த நடிகரைப் பார்த்தா?" என்று துளைத்தெடுத்தார்கள். அவள் பார்த்தது ஒரு சிறுவனை, அதுவும் கம்ப்யூட்டரில்! 'தி ஜங்கிள் புக்' படத்தில் காடும் விலங்குகளும் கம்ப்யூட்டரில் உருவானவை. மோக்லியாக நடித்த நீல் சேத்திதான் நிஜம். நீலத் திரைக்கு முன் எடுத்த படத்திலிருந்து அவனை ஓரம் பிசகாமல் பிரித்தெடுக்கணும். விநாடிக்கு 24 படங்கள். ஐந்து விநாடிக் காட்சியென்றால் 120! "அவன் தலைமுடிதான்கா உயிரை வாங்குது" என்பாள். எனக்கோ ஒரு கட்டு முருங்கைக்கீரை ஆயவே பொறுமை கிடையாது.

சாப்பாட்டுடன் ஒரு பாட்டில் தண்ணீரும் வைப்பேன். டப்பா காலியாக வரும். பாட்டில் பாதிகூடக் குறையாது. ஆபீசில் குடித்திருப்பாள் என்று இருந்துவிட்டேன்.

ஒரு ராத்திரி குளிர் ஜுரம், அடிவயிற்றில் வலி, நீர்க்கடுப்பு. "தண்ணி எவ்வளவும்மா குடிக்கிறே?" என்றார் டாக்டரம்மா. தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே வந்ததும், "மூணு மணி நேரம் பஸ்ல, நடுவுல எங்கேக்கா இறங்குறது?" என்றாள்.

பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதை குட்டையானது. தண்ணீர் குடிக்காமல், அடக்கியும் வைத்தால் கிருமி சுலபமாகத் தொற்றிக்கொள்ளுமாம். ஜுரம் விட்டாலும் மாத்திரையை முழுக்க முடிக்கணும் என்று அனுப்பினார்.

பத்திரமாக வைத்திருப்பதாக எனக்கு நினைப்பு! அடுத்த மாதமே ஆபீஸ் பக்கத்து ஹாஸ்டலில் நானே கொண்டுபோய் விட்டேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

2016 ஏப்ரல் 8-ல், அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முந்தியே படம் இங்கே வந்தது. முடிந்ததும் ஜனங்கள் எழுந்து போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் பெயர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். பாதியில் விளக்கைப் போட்டுத் திரையை அணைத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் காட்சி ஜாலங்களுக்காக அந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தபோது, நிப்பட்டு சுட்டுத் தெருவுக்கே கொடுத்தேன்.

இப்போது அவள் மகள் பள்ளிக்குப் போகிறாள். சாயந்திரம் பையைத் திறந்ததும் அவள் முதலில் தூக்கிப் பார்ப்பது பாட்டிலைத்தான்.