பாதி அரையா, வீட்டு அறையா?

‘தன்முனைப்பு’ என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அவர் முகம் சுருங்கும். அங்கே அதற்கு அகந்தை என்று பொருள். மலேசியாவில் அது நல்ல சொல். மோட்டிவேஷனுக்கு நாம் வைத்துக்கொண்ட தமிழ். தன்முனைப்பு முகாம், தன்முனைப்புப் பேச்சாளர், தன்முனைப்புக் கருத்தரங்கு என்று பள்ளி ஆண்டறிக்கைகளில் பக்கத்துக்குப் பக்கம் வரும். பதினெட்டு ஆண்டுகளாகத் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்துகிறேன். அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் ஒரே மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

யூ.பி.எஸ்.ஆர். இருந்த காலத்தில் இது ஒரு சடங்காகவே நடந்தது. தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பு ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை மண்டபத்தில் உட்கார வைப்பார்கள். விளக்கை அணைப்பார்கள். பின்னணியில் ஓர் அம்மா பாட்டு மெல்ல ஒலிக்கும். “கண்ண மூடுங்க. உங்க அம்மா கைய நெனச்சிப் பாருங்க. அந்தக் கையில எத்தன காயம் இருக்கு?” என்று பேச்சாளர் குரலைத் தாழ்த்துவார். முதல் விசும்பல் முன்வரிசையில் கேட்கும். பத்து நிமிடத்தில் மண்டபமே அழும். சில இடங்களில் பெற்றோரை வரவழைத்துப் பாத பூஜையும் உண்டு. வெளியே வரும்போது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் யாராவது, “செம நிகழ்ச்சி டீச்சர், எனக்கே அழுக வந்திருச்சி” என்பார்.

திங்கட்கிழமை காலை அதே பிள்ளைகள் அதே பின்னக் கணக்கின் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். கண்ணில் வீக்கம் மட்டும் வடிந்திருக்கும்.

அழுவதில் எனக்கு வருத்தமில்லை. அந்த அழுகை என்ன சொல்லிக் கொடுக்கிறது என்பதுதான் கவலை. படிப்பு ஒரு கடன், அதை 7ஏ எடுத்து அடைக்க வேண்டும் என்று பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளைக்குச் சொல்லி வந்தோம். பின்னத்துக்குள் பார்க்கத் தகுந்த ஏதோ ஒன்று இருக்கிறது என்று அந்த மண்டபத்தில் ஒருவரும் சொல்வதில்லை. அம்மா இல்லாத பிள்ளையும் அங்கே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும். அது யார் கையை நினைத்தது என்று எந்தப் பேச்சாளரும் கேட்டு நான் பார்த்ததில்லை. 2021இல் யூ.பி.எஸ்.ஆரை எடுத்துவிட்டார்கள். எங்கள் வட்டாரத்தில் முகாம்கள் போகவில்லை. வேறு வகுப்புகளுக்கு இடம் மாறின.

அழ வைக்காத ஆசிரியர்களிடம் ஸ்டிக்கர் இருக்கும். நட்சத்திரம், சிரித்த முகம், பத்துச் சேர்ந்தால் ஓர் அழிப்பான். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் ஸ்டிக்கர் வேலை செய்யும், அதுதான் சிக்கல். 1973இல் அமெரிக்காவில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஒரு பாலர் பள்ளியில் செய்த ஆய்வைப் பயிற்சிக் காலத்தில் படித்தேன். வண்ணப் பேனாவால் தாமாகவே ஆசையாக வரையும் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவிடம், “வரைந்தால் நற்சான்றிதழ் தருவோம்” என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு வரைந்து முடித்த பிறகு சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்தபோது, சான்றிதழுக்காக வரைந்தவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். பரிசு அவர்களுடைய ஆசையைத் தின்றுவிட்டது.

வாய்ப்பாடு மனனம் செய்யும்போது நானும் ஸ்டிக்கர் ஒட்டுவேன். ஏழாம் வாய்ப்பாட்டின் மேல் யாருக்கும் பிறவியிலேயே காதல் இருப்பதில்லை, தின்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. கதைப் புத்தகத்துக்கு மட்டும் ஒட்டமாட்டேன்.

சரி, வேறு என்னதான் செய்வது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பிள்ளையிடம் எனக்கு விடை தெரியாத கேள்வியைக் கேட்க வேண்டும்.

வகுப்பறையில் நாம் கேட்பதெல்லாம் விடை தெரிந்த கேள்விகள். தெரிந்துகொண்டே கேட்கும் வழக்கம் பள்ளியிலும் போலீஸ் ஸ்டேஷனிலும்தான் இருக்கிறது. “மழை எப்படிப் பெய்கிறது?” என்று நான் கேட்டால், எனக்கு மழையைப் பற்றி அறிய ஆசையில்லை என்பது பிள்ளைக்குத் தெரியும். நான் சோதிக்கிறேன். தெரிந்தவன் கை தூக்குவான், தெரியாதவன் மேசைக்கு அடியில் குனிவான். வருடக் கணக்கில் குனிந்தவனுக்கு அப்புறம் எந்தப் பேச்சாளரைக் கூட்டி வந்தாலும் முதுகு நிமிராது.

அப்படிக் குனிந்த ஒருவன் என் நான்காம் ஆண்டு வகுப்பில் இருந்தான். எங்களுடையது 150 மாணவருக்கும் குறைவான சின்னப் பள்ளி, சுற்றிலும் செம்பனை. வகுப்பில் பதினொரு பேர். இவன் இரண்டு ஆண்டுகள் குறைநீக்கல் வகுப்புக்குப் போய் வந்தவன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது அதன் தொடக்கம் மறந்திருக்கும். எழுதச் சொன்னால் பென்சில் சீவுவான். ஒரு பாடவேளைக்குள் முழுப் பென்சிலைப் பாதியாக்கும் திறமை அவனுக்கு இருந்தது.

ஒரு நாள் காலை சபைகூடலுக்கு முன்னால் கழிவறைக்குப் பின்புறம் ஒரு ஜாம் போத்தலோடு நின்றான். உள்ளே விரல் நீளத்தில் ஒரு மீன். பிடுங்கி வைத்துக்கொள்வேன் என்று நினைத்துப் போத்தலைச் சட்டைக்குள் விட்டான்.

“என்னா மீனுடா அது?”

“சண்ட மீனு டீச்சர். கால்வாயில புடிச்சேன்.”

“ஏன் மேல வந்து மேல வந்து வாயத் தொறக்குது?”

“மூச்சு விடுது டீச்சர்.”

“மீனு தண்ணிக்குள்ளதானே மூச்சு விடும்?”

“இது மேலயும் விடும். அதனாலதான் போத்தல்லயே இருக்கும். காத்து மெஷினுலாம் வேணா.”

எனக்கு அது உண்மையாகவே தெரியாது. அன்றிரவு தேடிப் படித்தேன். செவுளுக்கு மேல் காற்றை வாங்கிக்கொள்ளும் ஓர் உறுப்பு அந்த மீனுக்கு இருக்கிறதாம். மறுநாள், “நீ சொன்னது சரிதான்டா, எனக்குத் தெரியாமப் போச்சு” என்றபோது பையன் என்னைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தான். டீச்சர்கள் இப்படிப் பேசி அவன் கேட்டதில்லை.

அவனிடம் இரண்டு மீன்கள் இருந்தன. வகுப்பில் வைக்கலாம் என்றேன். வெள்ளிக்கிழமை வந்தது. சனி ஞாயிறு நான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். “எனக்கு ஒன்னுமே தெரியாது. எப்படிப் பாத்துக்கறதுன்னு எழுதிக் குடு” என்றேன். பென்சிலைச் சீவவில்லை. நாற்பது நிமிடம் ஆனது. இப்படி எழுதியிருந்தான்:

“தீனி கொஞ்சம் போடனும். ரொம்ப போட்டா தன்னி நாரும். பைப்பு தன்னிய ஒரு நாள் வாலில வச்சிட்டு ஊத்தனும். கெதாப்பாங் எலை ஒன்னு போடனும். சனி கெழம தன்னிய அறை மாத்தனும். ரெண்டு போத்தலுக்கும் நடுவுல அட்ட வைக்கனும் இல்லனா ஒன்ன ஒன்னு பாத்து மொறச்சிகிட்டே இருக்கும்.”

கெதாப்பாங் மரத்தைத் தமிழ்நாட்டில் நாட்டு வாதுமை என்பார்கள். காய்ந்த இலையைப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும், சண்டை மீனுக்கு அது பிடிக்கும். இதையும் அவன்தான் சொன்னான்.

அந்தத் தாளில் சிவப்புப் பேனா வைத்திருந்தால் தாளே சிவந்திருக்கும். வாளி வாலியாகிவிட்டான், தண்ணீர் நாருகிறது. நான் ஒரே ஓர் இடத்தில்தான் நின்றேன், ஏனென்றால் அங்கேதான் எனக்கு உண்மையாகவே புரியவில்லை.

“தண்ணிய எந்த அறைக்குடா மாத்தணும்? சமையலறைக்கா?”

“அறை இல்ல டீச்சர், அறை! பாதி!”

முன்வரிசைப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, “பெரிய ற போட்டிருக்கான் டீச்சர். அது ரூமு, இல்லன்னா கன்னத்துல அறையறது” என்றாள். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. “தண்ணிய முழுசா மாத்துனா மீனு செத்துரும் டீச்சர்” என்று அவசரமாக அழித்தான். ரகர றகர வேறுபாட்டை இரண்டாம் ஆண்டிலிருந்து அவனுக்குப் பலர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், பயிற்றியில் கோடிட்ட இடம் நிரப்பியிருக்கிறான். ஓர் எழுத்து மாறினால் ஒரு மீன் சாகும் என்ற நிலை அன்றுதான் வந்தது. அதற்குப் பிறகு எழுதும்போது நடுவில் நிறுத்தி என் மேசைக்கு வருவான். “டீச்சர், இது பாதி அரையா, வீட்டு அறையா?”

வாளியையும் தண்ணீரையும் பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டோம். அவசரமில்லை.

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன் வார்னர், 1963இல் வெளிவந்த ‘டீச்சர்’ என்ற நூலில் தம் முறையை எழுதியிருக்கிறார். பாட நூல் சொல்லை விட்டுவிட்டு, “உனக்கு என்ன சொல் வேண்டும்?” என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கையில் கொடுப்பார். பயம், பாசம் சம்பந்தப்பட்ட சொற்களைப் பிள்ளைகள் ஒரு தடவை பார்த்ததும் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் நினைவில் இல்லாத சொல்லின் அட்டையை அவர் தூக்கிப் போட்டுவிடுவார். தவறு சொல்லுடையது, பிள்ளையுடையது இல்லை. நம் பள்ளிகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

கொஞ்ச நாளில் வகுப்பே மீனைப் பற்றி எழுதியது. முட்டையைத் தாய் மீன் காவல் காக்கும் என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். அவன் அந்த ஒன்றரைப் பக்கத்தையும் கூட்டிக் கூட்டிக் கடைசிவரை வாசித்துவிட்டு, “தப்பு. ஆம்பள மீனுதான் நுரையில கூடு கட்டும். முட்டைய வாயில எடுத்து வைக்கிறதும் அதுதான். பொம்பள மீன அப்புறமா வேற போத்தல்ல போட்டுடணும்” என்றான். அவன் ஒரு முழுக் கட்டுரையை வாசித்து அதுதான் முதல் முறை. திருத்துவதற்காக வாசித்தான்.

ஆண்டு முடிவில் கணினியில் அவன் வாசிப்பின் அடைவுநிலையை 2லிருந்து 3க்கு மாற்றினேன். 6 வரை போகும் அளவுகோலில் அது யார் கண்ணிலும் படாது.

அவன் அப்பா கண்ணிலும் படவில்லை. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர், மதிப்பெண் அட்டை வாங்க வேலை உடுப்போடு வந்தார். “மீனு வளக்கவா டீச்சர் ஸ்கூலுக்கு அனுப்புறோம்? நான் பாரம் மூணோட நின்னு இப்ப லோரி ஓட்டுறேன். இவனாச்சும்...” என்றார். அந்தக் கோபத்தைக் குறைசொல்ல முடியாது. முகாமில் அழ வைப்பவர்கள் காட்டும் காயம்பட்ட கை எனக்கு முன்னால் உண்மையாகவே மேசைமேல் இருந்தது. முதல் நாள் தாளை எடுத்துக் கொடுத்தேன். மகனைப் போலவே வரிக்கு அடியில் விரல் வைத்து வாசித்தார். “இந்த எலை விசயம் நான் சொல்லிக் குடுத்தது” என்றார். பிறகு, “மார்க் ஏறுமா டீச்சர்?” என்று கேட்டார். ஏறலாம் என்றேன். அதற்கு மேல் உறுதி சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

பதினொரு பேர் இருந்ததால் இது முடிந்தது. நகரத்துப் பள்ளியில் முப்பத்தைந்து பேரை வைத்துக்கொண்டு கோப்புகளும் நிரப்பும் என் தோழிகளிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், வரட்டும். வயிறு காலியாக வரும் பிள்ளைக்கு எந்தக் கேள்வியும் ஏறாது என்பதும் உண்மை. அதற்குக் கூடுதல் உணவுத் திட்டத்தின் காலைச் சாப்பாடுதான் வேண்டும். என் மேசை இழுப்பறையில் எப்போதும் பிஸ்கட் இருக்கும், அது பரிசுக் கணக்கில் வராது.

எனக்குப் பெரிய சவால் அவனைப் போன்றவர்கள் இல்லை. றகரத்தைக் கண்டுபிடித்த அந்த முன்வரிசைப் பெண்தான். எல்லாம் சரியாகச் செய்வாள். செய்யும் முன்பு, “இதுக்கு மார்க் உண்டா டீச்சர்?” என்பாள். இல்லை என்றால் முகம் உடனே மூடிக்கொள்ளும். தசமக் கணக்கில் ஒன்றும் தவறவிடமாட்டாள், ஆனால் 0.5ம் 0.50ம் ஏன் ஒன்று என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவளுக்கு எல்லாக் கதவும் திறந்திருப்பதாக எல்லாரும் சொல்கிறார்கள். அவள் எந்தக் கதவிலும் எட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. அவளுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது எது என்று ஓர் ஆண்டாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் சிற்றுண்டிச்சாலையில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். பாட்டிக்குத் தினமும் காலையிலும் ராத்திரியிலும் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது அவள்தானாம். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாளாம், இரண்டு வருடமாக.

“எவ்ளோ வந்தா பயப்படணும்?” என்று கேட்டேன்.

“அது சாப்புட்டு எவ்ளோ நேரம் ஆச்சுன்னு பாக்கணும் டீச்சர்” என்றாள். கொஞ்சம் யோசித்து, “தீபாவளி மாசம் மட்டும் ஏறி ஏறி எறங்கும். ஏன்னு தெரியும், பாட்டி ஒத்துக்க மாட்டாங்க” என்றாள்.

மார்க் உண்டா என்று கேட்கவில்லை. அந்த நோட்டை, பாட்டியிடம் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.