கூழைக்கடாவும் கூட்டு வசூலும்!

ஞாயிற்றுக்கிழமை காலை நாலரை மணிக்கு எழுந்திருப்பவர்கள் இந்த ஊரில் மூன்றே வகை. பால் போடுகிறவர்கள், முகூர்த்தத்துக்குப் போகிறவர்கள், வேடந்தாங்கலுக்குப் போகிறவர்கள். முதல் இரண்டு பேருக்கும் வேறு வழியில்லை. மூன்றாவது ஆசாமிக்குத் திங்கட்கிழமை ஆபீஸில், "நேத்து என்னய்யா பண்ணினே?" என்று யாராவது கேட்டால், "தூங்கினேன்" என்பதைத் தவிர வேறு ஏதாவது பதில் சொல்ல ஆசை. அவ்வளவுதான்.

தாம்பரத்தில் நாலு பேர் காரில் ஏறினோம். ஒருவன் பாங்க். ஒருவன் ஆடிட்டர் ஆபீஸ். ஒருவன் சாஃப்ட்வேர். நான் பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதுகிறவன். வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் வரை எல்லாரும் அரைத்தூக்கம். பரனூர் டோல்கேட்டில் கார் நின்றபோதுதான் கவனித்தோம். சாஃப்ட்வேர்க்காரன் மடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தான்.

"என்னடா அது, இட்லியா?" என்றான் பாங்க்.

இட்லி இல்லை. 'ஹீரோக்வெஸ்ட்'. அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த அவன் அக்கா வீட்டுக்காரர் பெட்டியில் துணிமணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தாராம். "ஏரிக்கரையில உட்கார்ந்து ஆடலாம்னு எடுத்துட்டு வந்தேன்" என்றான். பறவை பார்க்கப் போகிற இடத்துக்கு ராட்சசனைக் கூட்டிக்கொண்டு வருகிற ஆள் அவன் ஒருவன்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஹீரோக்வெஸ்ட் 1989-ல் வந்த ஆட்டம். அமெரிக்காவின் மில்டன் பிராட்லியும் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பும் சேர்ந்து கொண்டுவந்தது. ஒரு காட்டு வீரன், ஒரு குள்ளன், ஒரு வனதேவதை ஜாதிக்காரன், ஒரு மந்திரவாதி என நாலு கதாநாயகர்கள். பாதாள அறைகள், கதவுகள், எலும்புக்கூடுகள், பூதங்கள். ஒருவர் மட்டும் வில்லன் சூனியக்காரனாக உட்கார்ந்து மற்ற நாலு பேரையும் படாதபாடு படுத்துவார். அம்புலிமாமா கதையைப் பகடை உருட்டிப் படிக்கிற மாதிரி! தொண்ணூறுகளோடு விற்பனை நின்றுவிட்டது. ஆடி வளர்ந்த பையன்களுக்கு மீசை நரைத்தது. ஆசை நரைக்கவில்லை.

அந்த ஆசைக்கு வந்ததுதான் 'கூட்டு வசூல்'. பொருள் செய்வதற்கு முன்பே ரசிகர்களிடம் காசு வாங்கி, அதை வைத்துப் பொருள் செய்வது. செங்கல்பட்டு தாண்டி, பாலாற்றுப் பாலத்தில் மணலைப் பார்த்தபடியே போனபோது விவாதம் ஆரம்பமாகிவிட்டது.

2013-ல் ஸ்பெயின் கம்பெனி ஒன்று, 'ஆட்டத்துக்கு 25 வயசு ஆகப்போகிறது, புதுப் பதிப்பு போடுகிறோம்' என்று கிக்ஸ்டார்ட்டரில் வசூல் தொடங்கியது. பெயர் எங்களுடையது என்று அமெரிக்காவில் இன்னொருவர் ஆட்சேபிக்க, வசூல் நின்றது. அவர்கள் ஸ்பெயின் நாட்டு வலைத்தளத்துக்கு மாறி மறுபடி வசூலித்தார்கள். பணம் வந்தது. 25-வது வருஷமும் வந்தது. பெட்டிதான் வரவில்லை. வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள் ரசிகர்கள்.

பிறகு 2020 செப்டம்பரில், மில்டன் பிராட்லியை 1984-லேயே விழுங்கியிருந்த ஹாஸ்ப்ரோ கம்பெனியே களத்தில் இறங்கியது. இலக்கு 10 லட்சம் டாலர். ஒரு நாளுக்குள்ளேயே எட்டிவிட்டது. முடிவில் 30 லட்சத்தைத் தாண்டியது. 2021-ல் பெட்டிகள் வந்து சேர்ந்தன.

"அப்புறம் என்ன, சுபம் போட வேண்டியதுதானே?" என்றேன்.

எங்கே போட விட்டார்கள்! ரசிகர்கள் சண்டை அப்போதுதான் சூடு பிடித்ததாம். பழைய பெட்டியில் இருந்த ஒற்றைக்கண் பூதம் புதியதில் இல்லை. அது கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் சொத்து. அதற்குப் பதில் மீன் முகத்தில் ஏதோ ஒன்று. மேஜை, அலமாரியெல்லாம் முன்பு அட்டையும் பிளாஸ்டிக்கும் கலந்தது. இப்போது முழு பிளாஸ்டிக். முதலில் அமெரிக்கா, கனடாக்காரர்களிடம் மட்டும் வசூல் என்றதில் ஐரோப்பா ரசிகர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி. 'இவ்வளவு பெரிய கம்பெனி நம்மகிட்ட எதுக்கு முன்பணம் கேக்குது?'

ஆடிட்டர் ஆபீஸ் முன்சீட்டிலிருந்து திரும்பினான். "கணக்குப்படி அது வருமானமே இல்ல. கடன். பொருள் கைக்குப் போற வரைக்கும் பொறுப்புப் பக்கம்தான் எழுதணும்."

"சீட்டுக் கட்டறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்றான் பாங்க். "தொண்ணூறுகள்ல எங்க சித்தப்பா பைனான்ஸ் கம்பெனியில போட்டாரு. அவருக்கு இன்னும் பெட்டி வரல."

"நீங்க ரெண்டு பேரும் லாபத்தைப் பாக்கறீங்க. நாங்க சந்தோஷத்துக்குப் போடறோம்!" - இது சாஃப்ட்வேர்.

படாளம் கூட்ரோட்டில் வலப்பக்கம் திரும்பினோம். வயல், பனைமரம், வரப்பில் கொக்கு. பேச்சு தானாக நின்றது. நெடுஞ்சாலையின் லாரி ஹாரனிலிருந்து தப்பி இந்தச் சின்ன ரோட்டுக்கு வந்ததும் காதுக்கே ஒரு லீவு கிடைத்த மாதிரி இருக்கும்.

ஏரி ஒன்றும் பெரிதில்லை. 30 ஹெக்டேர்தான். பக்கத்தில் இருக்கும் மதுராந்தகம் ஏரியைப் பார்த்தவர்களுக்கு இது குளம். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிவிட்டால், நவம்பரிலிருந்து மார்ச் வரை இங்கே நடக்கிற திருவிழாவே தனி. தண்ணீருக்குள் கழுத்தளவு நிற்கும் மரங்கள். ஒவ்வொரு மரமும் ஒரு ஹவுஸிங் போர்டு அடுக்குமாடி. மேல்மாடியில் நாரை, நடுமாடியில் அரிவாள் மூக்கன், கீழே வக்கா, நீர்க்காகம். தண்ணீர் பாக்கி, மெயின்டனன்ஸ் தகராறு எதுவும் இல்லை. இரைச்சல் மட்டும் அடுக்குமாடிக்கு உரிய இரைச்சல்.

கூழைக்கடா ஒன்று தலைக்கு மேலே போயிற்று. பஸ்ஸுக்கு இறக்கை வைத்தது போல ஒரு நிதானம். கீழ்த்தாடையில் தொங்கும் பை, ஆபீஸ் போகிறவரின் டிபன் பை. நத்தைக்குத்தி நாரையின் மூக்கை மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும். நத்தையைக் கையாள்வதற்கென்றே அமைந்தது. கரண்டிவாயன் தண்ணீரில் அலகை இடமும் வலமும் ஆட்டி ஆட்டித் துழாவுவதைப் பார்த்தால், மாசக் கடைசியில் சட்டைப்பையில் சில்லறை தேடும் குமாஸ்தா ஞாபகம் வரும்.

கரையில் சத்தம் போடக் கூடாது. அதனால் மிச்ச விவாதம் கிசுகிசுப்பில் நடந்தது. மூன்று பேர் கோபத்தோடு கிசுகிசுப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பாம்புத்தாராவே திரும்பிப் பார்த்தது.

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். பெட்டியைத் திறந்து பொம்மைகளை வரிசையாக அடுக்கினான். காசு கொடுத்தவனுக்குக் காட்டாமல் இருக்க முடியுமா? பக்கத்தில் இருந்த ஊர்ப் பெரியவர் குனிந்து பார்த்தார்.

"என்ன தம்பி, கொலுவா?"

விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு செங்கல் துண்டை எடுத்து, கீழே கிடந்த கல் பலகையில் முக்கோணமும் குறுக்குக்கோடுகளும் போட்டார். ஆடுபுலி ஆட்டம்! மூன்று கூழாங்கல் புலி, பதினைந்து புளியங்கொட்டை ஆடு. பாங்க்காரனைப் புலியாக்கி, இவர் ஆடு ஆடினார். இரண்டாவது டீ வருவதற்குள் மூன்று புலியும் நகர இடமில்லாமல் அம்பேல்.

"இந்த ஆட்டம் யாருது ஐயா?" என்றான் ஆடிட்டர். தொழில் புத்தி!

"யாருதுன்னா? கோடு போட்டவனுது" என்றார்.

எனக்கு அந்தப் பதில் பிடித்தது. நம் பழைய கோயில் மண்டபத் தரைகளில் இந்தக் கட்டங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பேர் இல்லை, முத்திரை இல்லை. சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002-ல் தொடங்கிய 'க்ரீடா' இப்படிப்பட்ட ஆட்டங்களைத் தேடிப்பிடித்து, பெட்டியில் போட்டு மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது. நல்ல காரியம். கோடு போடத் தெரிந்த தாத்தா எல்லா வீட்டிலும் இல்லையே!

ரீமேக் என்றால் இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க ஆடுவோமே, பரமபதம்? பாம்பும் ஏணியும் வைகுண்டமும் கொண்ட அதைவிட அசலான மாயாஜால ஆட்டம் எங்கே இருக்கிறது? பழைய படங்களில் பாம்பு அதிகம், ஏணி கம்மி. நல்லவனாக இருப்பது கஷ்டம் என்று அர்த்தம். வெள்ளைக்காரர்கள் எடுத்துப் போனார்கள். 1890-களில் லண்டனில் கடைச் சரக்காயிற்று. போகப் போகப் பாம்பும் ஏணியும் சமமாயின. 1943-ல் அமெரிக்காவில் பாம்பையே எடுத்துவிட்டு, பிள்ளைகள் பார்க்கில் சறுக்குகிற சறுக்குமரம் வைத்துவிட்டார்கள். வைத்தது யார் தெரியுமா? அதே மில்டன் பிராட்லி! ஒற்றைக்கண் பூதம் காணாமல் போனதற்கு அழுகிற ரசிகர்களே, எங்கள் கார்க்கோடகனைக் காணவில்லை, நாங்கள் யாரிடம் போய் அழுவது?

ஆக, எந்த ரீமேக்கிலும் கேட்க வேண்டியது பொம்மை பிளாஸ்டிக்கா அட்டையா என்பதல்ல. விதி மாறிற்றா என்பதுதான். இதைப் பெரியவர் வேறு விதமாகச் சொன்னார். ஆட்டத்தைப் பற்றி அல்ல, ஏரியைப் பற்றி.

இந்த ஊர்க்காரர்களின் கூட்டு வசூல் ரொம்பப் பழசு. கும்பினிச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டுத் தள்ளுகிறார்கள் என்று செங்கல்பட்டுக்குப் போய்ப் புகார் செய்தார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ், இங்கே யாரும் சுடக் கூடாது என்று எழுத்தில் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் போனால் அதுவே உரம். இது டிவிடெண்ட்! அதற்கு ஊர் கட்டுகிற சந்தா என்ன? தீபாவளிக்குப் பட்டாசு கிடையாது.

"பசங்க அழமாட்டாங்களா?" என்றேன்.

"அழும். பக்கத்து ஊர்ல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயி வெடிச்சுட்டு வரும். நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம்" என்றார்.

1936-ல் அரசு இதைச் சரணாலயமாக ஏற்றது. 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை பாதுகாப்பு என்று அறிவித்தது. பறவை ஏரியில் தூங்குகிறது, வயலில்தானே சாப்பிடுகிறது? 2020-ல் அந்த 5-ஐ 3 ஆக்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது. ஏரி அதே ஏரி, பேர்ப்பலகை அதே பேர்ப்பலகை, கட்டம் மட்டும் சின்னதாகும். ரீமேக்! பறவை ஆர்வலர்களும் மக்களும் கடுமையாக எதிர்த்தார்கள். 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் இடம் பிடித்தன. உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்று பொருள். பட்டியலில் பேர் ஏறிவிட்டது. ஆனால் ராத்திரி வெடிச் சத்தம் கேட்காமல் பார்த்துக்கொள்வது ராம்சர் இல்லை. இந்த ஊர் அம்மாக்கள்தான். பணம் கொடுத்தவன் பெட்டி வந்ததும் போய்விடுவான். பட்டாசை விட்டுக்கொடுத்தவன் அடுத்த தீபாவளிக்கும் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கை ஆடிட்டரால் எந்தப் பக்கமும் எழுத முடியவில்லை.

சாயங்காலம் வரை இருந்து பறவைகள் கூடு திரும்புவதைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். காலையில் பறந்ததெல்லாம் கூட்டம் கூட்டமாக வானத்திலிருந்து இறங்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வருகிற செலவே. நடுவில் பொழுது போகவில்லையா? நெடுஞ்சாலைக்கு வந்து மதுராந்தகம் போய் ஏரி காத்த ராமரைச் சேவித்துவிட்டு வாருங்கள். அங்கேயும் நம்ம பிளேஸ் துரைதான்! வருஷா வருஷம் மழையில் ஏரிக்கரை உடையுமாம். 'தாயாருக்கு ஒரு சந்நிதி கட்டிக் கொடுங்கள்' என்று ஊர்க்காரர்கள் கேட்க, 'இந்த வருஷம் உங்கள் சாமி கரையைக் காப்பாற்றட்டும், கட்டித் தருகிறேன்' என்றாராம் துரை. அடைமழை ராத்திரியில் வில்லும் கையுமாக இரண்டு பேர் கரையில் காவல் நின்றதை அவரே பார்த்ததாகச் சொல்வார்கள். கரை உடையவில்லை. சொன்னபடி கட்டினார். அவர் பேர் அங்கே கல்வெட்டில் இருக்கிறது.

"இலக்கு எட்டினாத்தான் காசு. இதுதான்டா ஒரிஜினல் கிக்ஸ்டார்ட்டர்!" என்று குதித்தான் சாஃப்ட்வேர்.

"ஆனா இங்க முன்பணம் வாங்கல பாரு" என்றான் பாங்க். "வேலையை முடிச்சுட்டுத்தான் ராமர் பில் அனுப்பினாரு."