பெட்டிக்குள் என்ன புதினம்?

யாழ்ப்பாணத்தில் இருவர் வீதியில் சந்தித்துக்கொண்டால் நலம் விசாரிப்பதற்கு முன்னரே எழும் கேள்வி, 'என்ன புதினம்?' என்பதுதான். அதற்குப் பதில் தேடியே பத்திரிகை அலுவலகங்களில் எனது வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது. ஓய்வுபெற்ற பின்னரும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. அதனால் ஒரு குடும்பமே குடியெழும்ப நேர்ந்தது. அது ஒரு தேனீக் குடும்பம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், வேம்பு பூத்திருந்த பங்குனி மாதத்தில், அயற்கிராமத்துப் பெரியவர் ஒருவர் புளியமரப் பொந்தொன்றில் இருந்த தேனீக்களை எங்கள் வளவுக்குக் கொண்டுவந்து குடியேற்றித் தந்தார். பொந்திலிருந்த அடைகளை வெட்டியெடுத்து, மரச் சட்டங்களில் வாழைநாரால் கட்டிப் பெட்டிக்குள் இறக்கினார். இராணி வெளியேறாதிருக்க வாசலில் ஒரு துளைத்தகட்டைப் பொருத்தி, ஒரு வாரத்தின் பின் அதைக் கழற்றிவிடும்படி கூறினார். விடைபெறும்போது, "தம்பி, சும்மா சும்மா திறந்து பார்க்காதேங்கோ" என்று ஒரு வார்த்தையும் சொல்லிவைத்தார்.

நான் திறந்து பார்த்தேன். முதல்நாள், அடை சட்டத்தோடு ஒட்டிவிட்டதா என்று பார்த்தேன். மறுநாள் இராணியைத் தேடினேன். அதற்கடுத்த நாள், முதல்நாள் கண்ட முட்டைகள் என்னவாயின என்று அறிய விரும்பினேன். ஒவ்வொரு தடவையும் தும்பைக் கொளுத்திப் புகை பிடித்தேன். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஓர் அடை அசைந்தது. நான் அக்கறையோடு கவனிப்பதாகவே நம்பினேன். மனைவி மட்டும், "அதுகளை இருக்க விடுங்கோவன்" என்று கிணற்றடியில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் பெட்டியின் வாசலில் ஒரு சலனமும் இல்லை. மூடியைத் தூக்கினேன். அடைகள் அப்படியே இருந்தன. ஒரு மூலையில் சிறிது தேனும், அறைகளுக்குள் கைவிடப்பட்ட புழுக்களும் இருந்தன. தேனீக்களைக் காணவில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, அடுப்பில் சோற்றுப்பானை இருக்க, கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறிய இலட்சக்கணக்கானோரில் நாங்களும் அடங்குவோம். ஆளில்லாத அந்தப் பெட்டியைக் கண்டபோது எனக்கு எங்கள் குசினிதான் நினைவுக்கு வந்தது. அன்று குடியெழும்பியவன் நான். இன்று குடியெழுப்பியவனும் நானே.

பெரியவரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "தம்பி, நீங்கள் பேப்பர்காரர். உங்களுக்கு ஒவ்வொரு நாளும் புதினம் வேணும். அதுகளுக்கு ஒண்டும் நடக்காத நாள்தான் நல்ல நாள்" என்றார்.

அதன் பின்னரே வாசிக்கத் தொடங்கினேன். மேலைநாட்டு நூல்கள் பெரும்பாலும் பேசுவது ஐரோப்பியத் தேனீயைப் பற்றி. அது பெட்டியைத் திறப்பதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். எங்கள் பெட்டிகளில் வாழ்வதோ 'அப்பிஸ் செரனா' எனப்படும் ஆசியத் தேனீ. தொந்தரவு மிகுந்தாலும், உணவு குறைந்தாலும், எறும்போ மெழுகுப்பூச்சியோ புகுந்தாலும், முழுக் கூட்டமும் இடத்தைவிட்டுப் போய்விடும். புழுக்கள் வளரும் பகுதியைத் தேனீக்கள் ஏறத்தாழ 33 முதல் 35 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் காத்துவருகின்றன. மூடியைத் திறக்குந்தோறும் அந்த வேலை குலைகிறது. முட்டை 3 நாள்களில் புழுவாகும். வேலைக்காரத் தேனீயாக முழுவுருப் பெற்று வெளிவர ஏறத்தாழ 20 நாள்கள் செல்லும். இதற்குள் நாளாந்தம் எனக்கு என்ன செய்தி கிடைத்துவிடப் போகிறது?

மறு ஆண்டு தை மாதத்தில் பெரியவர் இன்னொரு கூட்டம் தந்தார். பெட்டியைப் பூவரச நிழலில் வைத்து, கால்களுக்கு நீர் நிரப்பிய கிண்ணங்கள் இட்டேன். ஆரம்ப வாரங்களில் சீனியும் நீரும் சம அளவிற் கரைத்த பாகை மாலை மங்கியபின் வைத்தேன். பகலில் வைத்தால் வேற்றுக் கூட்டத்துத் தேனீக்கள் கொள்ளையிட வரும். பத்து நாள்களுக்கு ஒரு தடவை மட்டும், வெயிலேறிய காலைப்பொழுதில், சில நிமிடங்கள் திறந்தேன். அடித்தட்டில் விழுந்த மெழுகுத் துகள்களைத் துடைத்துவிட்டு மூடினேன். அத்துகள்களில்தான் மெழுகுப்பூச்சி முட்டையிடும்.

மற்ற நாள்களில் ஒரு கதிரையைப் போட்டு வாசலுக்குப் பக்கவாட்டில் அமர்ந்திருப்பேன். நேர்முன்னே அமர்ந்தால் அவற்றின் பாதையை மறித்தவராவோம். பின்னங்கால்களில் மகரந்தப் பொதியோடு தேனீக்கள் வந்தால், உள்ளே வளரும் புழுக்களுக்கு உணவு போகிறது என்று பொருள். வாசலில் நின்று சிறகடித்தால் உள்ளே வெக்கை. பிற்பகலில் இளந்தேனீக்கள் பெட்டியை நோக்கியவாறே மேலும் கீழும் பறந்தால், அவை வீட்டின் அடையாளத்தைப் பழகுகின்றன. செத்த புழுக்கள் வெளியே கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். மூடியைத் திறக்காமலே இத்தனை புதினங்கள்!

சென்ற ஐப்பசி, கார்த்திகை மாரியில் பூக்களும் இல்லை, பறக்க வெயிலும் இல்லை. மழை ஓய்ந்திருந்த மாலைகளில் சீனிப்பாகு வைத்தேனே தவிர, பெட்டியை உலைக்கவில்லை. தை பிறந்ததும் முருங்கைப் பூக்களில் எங்கள் தேனீக்களைக் கண்டேன். பின்னர் அரைப் போத்தல் தேன் எடுத்தோம். மிகுதியை அவற்றுக்கே விட்டோம். அந்த அரைப் போத்தலிற் பாதி பெரியவருக்குப் போனது.

கனடாவிலிருந்து பழைய சக ஊழியர் ஒருவர் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைப்பார். "என்ன புதினம்?" என்றுதான் தொடங்குவார். போன ஞாயிறும் கேட்டார்.

"ஒண்டும் இல்லை. தேனீக்கள் இருக்குதுகள்" என்றேன்.